கல்யாண சிடி ஓட எந்த பிளேயர்?

"டிவிடி பிளேயர் ஒண்ணு வேணும், எந்த கம்பெனி நல்லது?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். புதுப்படம் பார்ப்பதற்காக யாரும் கேட்பதில்லை. கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, தாத்தாவின் அறுபதாம் கல்யாணம் என்று வீட்டில் ஒரு டப்பா நிறைய சிடி கிடக்கும். இருந்த பிளேயர் 'நோ டிஸ்க்' காட்ட ஆரம்பித்திருக்கும். பழையதையே சரி செய்வதா, செகண்ட் ஹேண்டில் பெரிய கம்பெனி பிளேயர் தேடுவதா, புதிது வாங்குவதா, டிவிடிக்கு அடுத்து வந்த ப்ளூரே பிளேயருக்குப் போய்விடுவதா, அல்லது லேப்டாப்பில் செருகும் டிவிடி டிரைவை வாங்கி எல்லாவற்றையும் காப்பி எடுத்துவிடுவதா? இருப்பது இந்த ஐந்து வழிதான். கம்பெனிப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் இதற்கு விடை கிடைக்காது. டப்பாவைத் திறந்து பார்த்தால் கிடைக்கும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்ப சிடிகளைக் காப்பாற்ற டிரைவ். ரிமோட்டை அமுக்கிப் பார்த்தே பழகிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால், கூடவே பழைய பிளேயருக்கு லென்ஸ் மாற்றுவது. மற்ற மூன்றும் சில வீடுகளுக்கு மட்டும்தான் பொருந்தும். அதற்கான காரணங்கள்தான் கொஞ்சம் நீளம்.

டப்பாவுக்குள் என்ன?

1990-களின் கடைசியிலிருந்து 2000-களின் நடுப்பகுதிக்குள் நடந்த கல்யாணம் என்றால் பெரும்பாலும் விசிடியாக, அதாவது வீடியோ சிடியாக இருக்கும். 1993-இல் வந்த தரம் அது. ஒரு சிடியில் 74 நிமிடம், படம் 352-க்கு 288 புள்ளி. முகூர்த்தம் ஒன்று, ரிசப்ஷன் ஒன்று என மூன்று நான்காகக் கொடுத்திருப்பார்கள். அதற்குப் பிந்தைய விசேஷம் என்றால் ரைட்டரில் எழுதிய டிவிடி, 4.7 ஜிபி, 720-க்கு 576 புள்ளி. மூன்றாவது வகை, கடையில் வாங்கிய படங்கள். மோசர் பேர் நிறுவனம் 2007-இல் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கியபோது வாங்கிக் குவித்தவை பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. (அந்த கம்பெனி 2018-இல் கலைப்புக்கே போய்விட்டது. சிடி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.)

இந்த மூன்றையும் பிளேயர் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. படக் கம்பெனி விற்கும் சிடி அச்சில் அழுத்தி எடுத்தது. மேலே உலோகப் பூச்சு, ஒளி நன்றாகத் திரும்பி வரும். ஸ்டூடியோக்காரர் எழுதிக் கொடுத்ததில் இருப்பது ஒரு சாயப் படலம். அதை லேசர் சுட்டு எழுதியிருக்கும். அதிலிருந்து திரும்பும் ஒளி குறைவு. ஆகவே பிளேயரின் லென்ஸ் கொஞ்சம் மங்கினாலும் முதலில் மக்கர் செய்வது கல்யாண சிடிதான். சினிமா சிடி வழக்கம்போல ஓடும். "படம் நல்லா ஓடுது, நம்ம சிடிதான் போச்சு" என்று சொல்லிக் கல்யாண சிடியைத் தூக்கிப் போட்டவர்கள் நிறைய. பல சமயம் அந்த சிடியில் ஒரு குறையும் இருந்திருக்காது. வேறு ஒரு பிளேயரிலோ கம்ப்யூட்டரிலோ போட்டுப் பார்க்காமல் எதையும் எறிய வேண்டாம்.

இன்னொரு விஷயமும் உண்டு. டிவிடியைப் படிக்க 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் வேண்டும். சிடிக்கும் விசிடிக்கும் 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர். லென்ஸும் லேசரும் சேர்ந்த பாகத்தைத்தான் லென்ஸ் செட் என்கிறோம்; அதற்குள் இரண்டும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. ஒன்று போய் மற்றது நன்றாக இருக்கலாம். டிவிடி பளிச்சென்று ஓடுகிறது, விசிடி போட்டால் மட்டும் கர்ர்... கர்ர்... என்று சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது என்று பலர் சொல்வதன் ரகசியம் இதுதான். 1996 நவம்பரில் ஜப்பானில் முதல் டிவிடி பிளேயர்கள் விற்பனைக்கு வந்த காலத்தில், சிவப்பு லேசர் மட்டுமே கொண்ட மாடல்களும் இருந்தன. அவை வீட்டில் எழுதிய சிடியைத் தொடவே தொடாது, ஏனென்றால் அந்தச் சாயம் சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பாது. விலை உயர்ந்த ஜப்பான் பிளேயர் வைத்திருந்தவர் பக்கத்து வீட்டு மலிவு பிளேயரில் போய்த் தன் சிடியைப் பார்க்க வேண்டியிருந்த கூத்தெல்லாம் நடந்திருக்கிறது.

எதனால் படுக்கிறது?

பல வருஷம் பிளேயர் வைத்திருந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், கம்பெனி எதுவானாலும் புகார்கள் திரும்பத் திரும்ப ஒன்றுதான். சிடி எடுக்க ரொம்ப நேரமாகிறது. தட்டு பாதி வெளியே வந்து நிற்கிறது, மேலே ஒரு தட்டு தட்டினால்தான் வருகிறது. ஆன் செய்தால் விளக்கு மினுக்கிவிட்டு அணைந்துபோகிறது. நாற்பது நிமிடம் நன்றாக ஓடிவிட்டுப் படம் கட்டம் கட்டமாகப் பிரிகிறது.

தட்டு வராததற்கு உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் பெல்ட் தளர்ந்ததோ இறுகியதோ காரணமாக இருக்கும். சில ரூபாய் வேலை. விளக்கு மினுக்குவது, உள்ளே மின்சாரம் கொடுக்கும் சப்ளை போர்டின் கோளாறு. பெரும்பாலும் 5 வோல்ட் வரியில் இருக்கும் கெபாசிட்டர் தலை உப்பியிருக்கும். அதுவும் சில்லறைச் செலவுதான். கிராமத்து வீடுகளில் இதோடு பல்லியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சூடான இடம் தேடிக் காற்றுத் துளை வழியாகப் போய் சப்ளை போர்டின் மேல் படுத்து, தானும் செத்து பிளேயரையும் சாகடித்துவிடும். பிளேயரைக் கழற்றிய மெக்கானிக் யாரைக் கேட்டாலும் பல்லிக் கதை ஒன்று வைத்திருப்பார்.

லென்ஸ்தான் உண்மையான ஆயுள் கேள்வி. அதிலும் தூசியால் மங்குவது வேறு, லேசரே வயதாகி வலுவிழப்பது வேறு. முதலாவதைப் பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு மெல்லத் துடைத்தால் சரியாகிவிடும். லென்ஸ் மயிரிழைக் கம்பிகளில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்; சட்டைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் அதோடு முடிந்தது. இரண்டாவதற்குத் துடைப்பது உதவாது. மாற்றத்தான் வேண்டும். லென்ஸ் கிளீனர் என்று விற்கும் பிரஷ் ஒட்டிய சிடியும் தூசிக்கு மட்டும்தான்.

பெரிய கம்பெனி என்றால் நீடித்து உழைக்கும் என்ற நம்பிக்கை இந்த இடத்தில்தான் ஆட்டம் காண்கிறது. மலிவு பிளேயர்கள் பெரும்பாலானவற்றுக்குள் ஒரே கூட்டம்தான் இருந்தது: மீடியாடெக் எம்டி1389 போன்ற பொதுவான சிப், சான்யோ எஸ்எஃப்-ஹெச்டி62 அல்லது சோனி கேஹெச்எம்-313 போன்ற பொதுவான லென்ஸ். மேலே ஒட்டியிருந்த பெயர்தான் வேறு. 2006-இல் தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கிய பிறகு, அந்த 14 அங்குல டிவிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவை பெரும்பாலும் இந்த ரகம்தான். அடிக்கடி கெடும், உண்மை. ஆனால் கெட்ட பாகத்துக்கு மாற்று கிடைக்கும். சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் லென்ஸ், பெல்ட், 5 வோல்ட் 12 வோல்ட் சப்ளை போர்டு என்று எல்லாம் தனித்தனியாக வாங்கலாம். கனமான இரும்புப் பெட்டியில் வந்த விலை உயர்ந்த பிளேயர்களுக்குப் பல சமயம் அந்தக் கம்பெனிக்கே உரிய லென்ஸ், அந்த மாடலுக்கே உரிய போர்டு. அது அதிக நாள் உழைத்தது என்பதும் உண்மை. போனால் போனதுதான் என்பதும் உண்மை. பதினைந்து வருஷம் கழித்து நிற்கும்போது, முதலில் வாங்கியது நல்ல பொருளா என்பதைவிட அதற்கு உதிரிப்பாகம் கிடைக்குமா என்பதுதான் பெரிய கேள்வி.

பழையதைச் சரி செய்வதும், பழையதை வாங்குவதும்

வீட்டில் இருப்பது அந்த மலிவு ரகமாக இருந்தால் சரி செய்வதில் யோசிக்க ஒன்றுமில்லை. லென்ஸ் மாற்றச் சில நூறு ரூபாய்தான் ஆகும். கடைக்காரரிடம் இரண்டு விஷயம் பேசிக்கொள்ளுங்கள்.

ஒன்று, "லென்ஸ் பவரைக் கூட்டித் தர்றேன், மாத்த வேண்டாம்" என்பார் சிலர். லென்ஸ் செட்டின் பக்கத்தில் ஒரு குட்டி திருகு இருக்கும். அதைத் திருப்பினால் லேசருக்கு மின்னோட்டம் கூடும். அன்றைக்கு சிடி ஓடும். நீங்களும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவீர்கள். ஏற்கெனவே வலுவிழந்த லேசரை விரட்டி வேலை வாங்குவதால் அது இன்னும் சீக்கிரம் போய்விடும். நாலு சிடியைக் காப்பி எடுக்கும்வரை ஓடினால் போதும் என்றால் சரி. இல்லையென்றால் மாற்றச் சொல்லுங்கள்.

இன்னொன்று, மாற்றுவது புது லென்ஸா அல்லது வேறு பழைய பிளேயரிலிருந்து கழற்றியதா என்று கேளுங்கள். புது லென்ஸ் செட் வரும்போது நிலைமின்சாரம் தாக்காமல் இருக்க இரண்டு புள்ளிகளை ஈயத்தால் இணைத்திருப்பார்கள். பொருத்திய பிறகு அந்த இணைப்பை எடுத்துவிட வேண்டும். மறந்துவிட்டால் புது லென்ஸும் 'நோ டிஸ்க்' என்றே சொல்லும், "போர்டு போச்சு" என்று உங்களிடம் சொல்லப்படும். யூடியூப் பார்த்து வீட்டிலேயே மாற்றுகிறவர்கள் சறுக்குவதும் இங்கேதான்.

பெரிய கம்பெனியின் கனமான பிளேயராக இருந்தால், சப்ளை, பெல்ட் கோளாறுகளுக்குச் செலவு செய்யலாம். லென்ஸ் என்றால், மாடல் எண்ணைச் சொல்லி லென்ஸ் கையில் கிடைத்த பிறகுதான் திறக்கச் சொல்ல வேண்டும்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவது வேறு கணக்கு. சோனி, பிலிப்ஸ், பயனியர், எல்ஜி என்று நல்ல பெயர்கள் சல்லிசாக வருகின்றன. ஆனால் காரைப்போல ஓடிய கிலோமீட்டர் காட்டும் மீட்டர் இதில் இல்லை. தினமும் பக்திப் பாடல் சிடி ஓடிய வீட்டிலிருந்து வந்ததா, அலமாரியில் தூங்கியதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. வாங்கப் போகும்போது கையில் மூன்று சிடி இருக்கட்டும்: கடையில் வாங்கிய டிவிடி ஒன்று, எழுதிய டிவிடி ஒன்று, எழுதிய விசிடி ஒன்று. மூன்றையும் முதல் ஐந்து நிமிடம் பார்த்தால் போதாது. இவற்றில் தகவல் நடுவிலிருந்து வெளிப்பக்கம் நோக்கிப் போகும். மங்கிய லென்ஸும் தேய்ந்த மோட்டாரும் பல்லைக் காட்டுவது பெரும்பாலும் வெளிவிளிம்புக்கு வரும்போதுதான். ஆகவே கடைசிப் பகுதிக்குத் தள்ளிப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த பிளேயர் என்றால் பின்பக்கத் தாளையும் பாருங்கள். 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால் பயமில்லை. அமெரிக்காவில் வாங்கியவற்றில் 120 வோல்ட் மட்டும் என்று இருப்பவை உண்டு. நம் பிளக்கில் நேராகச் செருகினால் புகைதான். எந்தப் பகுதி நாடுகளில் விற்ற படம் ஓடும் என்பதைச் சொல்லும் ரீஜன் எண்ணும் அங்கேயே இருக்கும். இந்தியா, இலங்கை 5. சிங்கப்பூர், மலேசியா 3. வளைகுடா நாடுகளும் ஐரோப்பாவும் 2. அமெரிக்கா 1. கல்யாண சிடிக்கு ரீஜன் பூட்டு கிடையாது, எங்கேயும் ஓடும். சிக்கல் கடையில் வாங்கிய படங்களுக்கு மட்டும். கோலாலம்பூரில் வாங்கிய படம் மதுரையில் ஓடவில்லை என்றால் சிடியைக் குறை சொல்லிப் பயனில்லை.

புதிது

கடையில் இப்போது கிடைக்கும் புது டிவிடி பிளேயர்கள் பெரும்பாலும் கைக்கு அடக்கமான, எடையே இல்லாத பெட்டிகள். எடையைப் பார்த்து ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. உள்ளே இருக்கும் சுற்று அவ்வளவு சுருங்கிவிட்டது. இவற்றைப் பற்றிக் கேட்கும் அனுபவங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதே இல்லை. ஒரே மாடல் ஒரு வீட்டில் வருஷக்கணக்கில் ஓடுகிறது, இன்னொரு வீட்டில் ஆடி முடிந்து ஆவணி வருவதற்குள் படுத்துவிடுகிறது. ஒருவர் சொல்வதை நம்பி வாங்குவது இங்கே அதிர்ஷ்டச் சீட்டுதான். செய்யக்கூடியது ஒன்று: பில் வாங்கி, வாரண்டிக் காலத்தில், குறிப்பாக முதல் மாதத்தில் நன்றாக ஓட்டிவிடுங்கள். கெடுகிற பெட்டி என்றால் சீக்கிரமே கெட்டு மாற்றிக்கொள்ள வழி இருக்கும். வாங்கி வைத்துவிட்டு அடுத்த பொங்கலுக்குத் திறக்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

வாங்கும்போது பின்பக்கம் மஞ்சள்-வெள்ளை-சிவப்பு ஓட்டைகளும் ஹெச்டிஎம்ஐயும் இரண்டும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புது டிவிகளில் மூன்று ஓட்டை மறைந்துகொண்டே வருகிறது. சிலவற்றில் இயர்போன் ஓட்டை மாதிரி ஒன்றுக்குள் அதை அடக்கித் தனி வயர் தருகிறார்கள். ஏவியிலிருந்து ஹெச்டிஎம்ஐ மாற்றும் சின்னப் பெட்டி தனியாகவும் கிடைக்கிறது. '1080க்கு உயர்த்தும்' என்று அட்டைப்பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பதற்காக ஒரு ரூபாயும் கூடக் கொடுக்க வேண்டாம். 352 புள்ளியில் இல்லாததை எந்தப் பெட்டியாலும் புதிதாக உண்டாக்க முடியாது. 55 அங்குல டிவியில் விசிடி போட்டுவிட்டு "பிளேயர் சரியில்லை, முகமே தெரியல" என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. பிளேயர் பாவம். டிவி ரிமோட்டில் படத்தின் அளவை 4:3 என்று வைத்தால் குறைந்தபட்சம் மாப்பிள்ளையும் பெண்ணும் ஊதிப்போன மாதிரித் தெரிய மாட்டார்கள்.

ப்ளூரே, கேம் பெட்டி

சுருக்கமாகச் சொன்னால் போதும். ப்ளூரே பிளேயர் டிவிடியை நன்றாகவே ஓட்டும், கட்டமைப்பும் பொதுவாக மேல். ஆனால் எல்லா ப்ளூரே பிளேயரும் விசிடியை எடுப்பதில்லை. நம் டப்பாவில் பாதி விசிடி. பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டும் டிவிடியை ஓட்டும், சிடி வகை எதையும் தொடாது. அதோடு கம்பெனிகளே இந்தக் கடையைச் சாத்திக்கொண்டு வருகின்றன. டிவிடி, ப்ளூரே இரண்டிலும் நல்ல பெயர் எடுத்திருந்த ஓப்போ டிஜிட்டல் 2018-இல் உற்பத்தியை நிறுத்தியது. அமெரிக்கச் சந்தைக்குப் புது ப்ளூரே பிளேயர் கொண்டுவருவதை 2019-இல் சாம்சங் கைவிட்டது. 2024 கடைசியில் எல்ஜியும் ஒதுங்கியது. ப்ளூரேயில் படம் சேர்ப்பவர் என்றால் உங்களுக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. சேர்க்காதவருக்கு இது வீண் செலவு.

டிரைவ் வாங்கிக் காப்பி எடுப்பது

யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் ஏறக்குறைய 1,500 முதல் 3,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஒரு மலிவு பிளேயரின் விலைதான். வித்தியாசம், இதை நீங்கள் பத்து வருஷம் நம்பியிருக்க வேண்டியதில்லை. டப்பா காலியாகும்வரை உழைத்தால் போதும். நம்பகத்தன்மை பற்றிய கவலையே பாதி இதில் இல்லாமல் போகிறது. பக்கத்து வீட்டில் டிரைவ் இருந்தால் வாங்கக்கூட வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை கடன் கேளுங்கள்.

வேலையும் சுலபம். கல்யாண டிவிடியைத் திறந்தால் 'வீடியோ டிஎஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் ஒவ்வொன்றும் 1 ஜிபி வரை உள்ள விஓபி கோப்புகள். அப்படியே காப்பி செய்யலாம். விசிடியில் 'எம்பெக் ஏவி' என்ற ஃபோல்டருக்குள் டேட் கோப்பாக இருக்கும். விஎல்சி என்ற வீடியோ மென்பொருள் இரண்டையும் ஓட்டும், இலவசம். டிவியில் பென்டிரைவ் செருகிப் பார்க்க வேண்டுமென்றால் விஓபி என்ற பின்னொட்டை எம்பிஜி என்று மாற்றினாலே பல டிவிகள் எடுத்துக்கொள்கின்றன. எடுக்காத டிவிக்கு ஹேண்ட்பிரேக் மாதிரி இலவச மென்பொருளில் எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம். முழுதும் நிரம்பிய டிவிடி என்றாலும் 64 ஜிபி பென்டிரைவில் பதின்மூன்று வரை பிடிக்கும். கடையில் வாங்கிய படங்களில் பூட்டு இருக்கும். அவற்றை இதில் சேர்க்க வேண்டாம், பிளேயருக்கே விட்டுவிடுங்கள்.

தொந்தரவு செய்வது கீறல் விழுந்த விசிடிதான். சாதாரணக் கம்ப்யூட்டர் சிடியில் பிழை திருத்தத்துக்கென்று கூடுதலாக ஓர் அடுக்கு உண்டு. விசிடியில் படத்துக்கு இடம் வேண்டும் என்பதற்காக அந்த அடுக்கை விட்டுவிட்டார்கள். அதனால் பிளேயரில் ஒரு நொடி கட்டம் கட்டமாகிக் கடந்துபோகும் இடம், கம்ப்யூட்டரில் 'எர்ரர்' என்று காப்பியையே நிறுத்திவிடும். பிளேயரில் ஓடுகிறது, டிரைவில் வரவில்லை என்று பலர் சொல்வது இதனால்தான். உடனே கைவிட வேண்டாம். வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று சாதாரணமாகப் படித்துவிடும். பழைய டெஸ்க்டாப்பில் இருக்கும் பெரிய டிரைவ் சில நேரம் மெல்லிய புது டிரைவைவிட நன்றாகப் படிக்கும். கெட்ட இடத்தைத் தாண்டி மற்றதை எடுக்கும் டிடி ரெஸ்க்யூ போன்ற இலவச மென்பொருளும் இருக்கிறது. மெல்லிய டிரைவ் நடுவில் நின்று நின்று போனால், ஹப்பில் செருகாமல் லேப்டாப்பில் நேராகச் செருகுங்கள். மின்சாரம் பற்றாததுதான் பெரும்பாலும் காரணம்.

சிடியைத் துடைக்கும்போது நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும், சுற்றிச் சுற்றித் துடைக்கக் கூடாது. குறுக்கே விழுந்த கீறலைப் பிழை திருத்தம் சமாளித்துவிடும், தடத்தோடு போகும் கீறலை அதால் சமாளிக்க முடியாது. டூத்பேஸ்ட் தேய்க்கும் வைத்தியத்தைக் கல்யாண சிடியில் முயல வேண்டாம், பாட்டு சிடியில் வேண்டுமானால் விளையாடிப் பாருங்கள். விசிடியில் பெயர் எழுதிய மேல்பக்கம்தான் இன்னும் ஆபத்தானது. தகவல் அதற்கு நேர் கீழே, மெல்லிய பூச்சுக்கு அடியில் இருக்கிறது. மணமக்கள் படம் போட்ட ஸ்டிக்கரை உரிக்கப் பார்த்தால் கல்யாணமும் சேர்ந்து உரிந்து வரும். டிவிடியில் இந்தப் பயம் குறைவு. தகவல் இரண்டு தகடுகளுக்கு நடுவே இருக்கிறது.

காப்பி எடுத்த பிறகு இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று ஹார்டு டிஸ்கில், இன்னொன்று வேறு வீட்டில். அண்ணன் வீடோ நாத்தனார் வீடோ. பென்டிரைவ் பார்ப்பதற்கு மட்டும், பாதுகாப்பதற்கு அல்ல.

எந்த வீட்டுக்கு எது?

டிரைவ் வழியில் ஒரே குறை, அது பெரியவர்களுக்கு ஒத்துவராமல் போகலாம். தட்டில் சிடியை வைத்தால் படம் வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்த உலகம். டிவி ரிமோட்டில் யுஎஸ்பிக்குப் போய், ஃபோல்டர் தேடி, கோப்பைத் தேர்ந்தெடுப்பது அப்பாவுக்கு எரிச்சல், அம்மாவுக்கு "நீ வந்தா போட்டுக் குடு" என்பதாக முடியும். அப்படிப்பட்ட வீட்டில் காப்பியும் எடுத்து, பழைய பிளேயருக்கு லென்ஸும் மாற்றிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தாலும் ஒரு ப்ளூரே பிளேயர் விலை வராது. பழைய பிளேயரே இல்லை, அல்லது அதற்கு லென்ஸ் கிடைக்கவில்லை என்றால் புதிது ஒன்று, பில்லோடு. செகண்ட் ஹேண்ட் பக்கம் போக வேண்டியவர், சோதித்து வாங்கப் பொறுமையும் கெட்டால் திறந்து பார்க்கும் கையும் உள்ளவர் மட்டும்.

வாடகை வீடு, விடுதி, வெளிநாடு என்று இடம் மாறிக்கொண்டே இருப்பவருக்கு பிளேயரே வேண்டாம். லண்டனில் இருக்கும் தங்கைக்கு சிடியைப் பார்சலில் அனுப்பாதீர்கள், கோப்பை அனுப்புங்கள். ஸ்டூடியோக்களிலும் காப்பி எடுத்துத் தருகிறார்கள். நேரமில்லாதவர் அங்கே கொடுக்கலாம், கையில் கொடுத்துக் கையில் வாங்க வேண்டும்.

டப்பாவின் அடியில் உள்ளங்கை அளவு, 8 செ.மீ. குட்டி டிவிடி ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு காலத்து ஹேண்டிகேம்கள் அதில்தான் பதிவு செய்தன. தட்டு உள்ள டிரைவில் நடுவில் இருக்கும் சின்னப் பள்ளத்தில் அது உட்காரும். வாய் வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும் டிரைவிலும் கார் பிளேயரிலும் போட்டால் மாட்டிக்கொள்ளும். எதில் போட்டாலும் காலி என்று காட்டினால், பதிவு செய்தவர் கடைசியில் 'ஃபைனலைஸ்' (மற்ற பிளேயர்கள் படிக்கும்படி பதிவை முடித்து வைப்பது) செய்யாமல் விட்டிருக்கலாம். அதைப் பெரும்பாலும் பதிவு செய்த கேமராவில்தான் செய்ய முடியும். கேமரா பரணில் இருந்தால் சார்ஜரோடு எடுத்து வையுங்கள், பழைய சாமான்காரரிடம் போட்டுவிட வேண்டாம்.